டஸ்கம்பியாவைச் சுற்றி இரண்டு நாள்: அலபாமா சாலையோர இடங்களைப் பார்க்க முழுமையான வழிகாட்டி

ஹண்ட்ஸ்வில்லில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் மூன்றாவது வாரத்தில் ஒரு கேள்வி வந்துவிடும். ராக்கெட் மியூசியம் பார்த்தாச்சு, கோயிலுக்குப் போயாச்சு, கடை கடையாகவும் ஏறி இறங்கியாச்சு. அடுத்து என்ன? நான் அவர்களை மேற்கே 70 மைல் தள்ளியிருக்கும் டஸ்கம்பியாவுக்குக் கூட்டிப் போவேன். சுமார் 9,000 பேர் வாழும் சின்ன ஊர். அதைச் சுற்றி ஒரு மணி நேரத் தொலைவுக்குள் வேறெங்கும் பார்க்க முடியாத இடங்கள் சிதறிக் கிடக்கின்றன.

ஆறு தடவை போயிருக்கிறேன். முதல் இரண்டு தடவையும் சொதப்பல். அதன் பிறகு நண்பர்கள் தாங்களாகவே போய், நான் செய்த அதே தப்புகளை வரிசை மாறாமல் செய்துவிட்டு வந்ததையும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். எந்த இடம் எவ்வளவு அழகு என்பதைப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது, ஏன் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

1. பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்: கதவு உள்ளவை, கதவு இல்லாதவை

எல்லோரும் வரைபடத்தைத் திறந்து, பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடங்களைக் கோத்து ஒரு வட்டம் போடுகிறார்கள். இங்கே அது சரிப்படாது. இந்தப் பக்கம் பயணத்தைக் கெடுப்பது தூரம் இல்லை, பூட்டுதான்.

கதவு உள்ளவை இவை: பார்வையும் கேட்கும் திறனும் இல்லாமலே படித்து எழுத்தாளரான ஹெலன் கெல்லர் பிறந்த ஐவி கிரீன் வீடு, இரண்டு பாட்டுப் பதிவு ஸ்டூடியோக்கள், அலபாமா இசைப் பெருமன்ற அருங்காட்சியகம், ஃப்ளாரன்ஸில் உள்ள ரோசன்பாம் வீடு. இவற்றுக்குத் திறக்கும் நேரம், மூடும் நேரம், டிக்கெட் எல்லாம் உண்டு.

கதவு இல்லாதவை: ஸ்பிரிங் பார்க் அருவி, ஆற்றங்கரை, வில்சன் அணை, வேட்டை நாய்களின் கல்லறை, நாட்செஸ் ட்ரேஸ் சாலை, டாம் ஹெண்ட்ரிக்ஸ் கட்டிய கல்சுவர். பகல் வெளிச்சம் இருந்தால் போதும்.

மூன்றாவது வகையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. டிஸ்மல்ஸ் கேன்யன் என்ற பள்ளத்தாக்கின் ஒளிரும் புழுக்களைப் பார்க்க வெளிச்சமே இருக்கக் கூடாது.

இப்படிப் பிரித்ததும் திட்டம் பாதி முடிந்துவிடுகிறது. கதவு உள்ளவை (ரோசன்பாம் வீடு தவிர) சனிக்கிழமைக்கு, இல்லாதவை ஞாயிறுக்கு, இருட்டு கேட்பது சனி இரவுக்கு. வரைபடத்தை இதற்குப் பிறகு திறந்தால் போதும்.

என் முதல் பயணம் ஒரு ஞாயிறு. ஹெலன் கெல்லரின் கையில் தண்ணீர் விழுந்த அந்தப் பம்பைப் பார்க்க வேண்டும் என்று அம்மா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போய்ச் சேர்ந்தால் பூட்டு. ஞாயிறு விடுமுறை என்று பார்த்துவைக்கத் தோன்றவில்லை எனக்கு. வேலிக்கு வெளியே நின்று மரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். வீடு வரும்வரை காரில் பேச்சே இல்லை.

2. எந்த வாரம் என்று முடிவு செய்யுங்கள்

அக்டோபரும் நவம்பர் முதல் வாரமும் என் தேர்வு. வெயில் தணிந்திருக்கும், இலைகள் நிறம் மாறியிருக்கும், காட்டில் உண்ணித் தொல்லையும் குறைவு.

ஒளிரும் புழுக்கள்தான் முக்கியம் என்றால் ஏப்ரல் கடைசி, மே தொடக்கம். செப்டம்பர் கடைசியில் இன்னொரு முறை நன்றாகத் தெரியும். ஆனால் மார்ச் முதல் மே வரை இங்கே டொர்னேடோ காலம். 2011 ஏப்ரல் 27 அன்று வந்த சூறாவளி டிஸ்மல்ஸ் பக்கத்திலுள்ள ஃபில் கேம்பெல் என்ற ஊரையே சிதைத்துப் போட்டது. அதனால் வசந்தத்தில் போனால் இரண்டு நாள் முன்னால் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு, சரியில்லை என்றால் யோசிக்காமல் தள்ளிப் போடுங்கள்.

திருவிழா வாரங்களைத் தெரிந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜூன் கடைசியில் டஸ்கம்பியாவில் ஹெலன் கெல்லர் விழா, ஜூலை கடைசிப் பக்கம் ஃப்ளாரன்ஸில் டபிள்யூ. சி. ஹேண்டி இசை விழா. அந்த நாட்களில் விடுதி அறை கிடைப்பது கஷ்டம். ஆனால் ஜூன், ஜூலையில் ஐவி கிரீன் தோட்டத்திலேயே ஹெலன் கெல்லர் கதையை மாலையில் நாடகமாகப் போடுகிறார்கள். அதற்காகவே போகிறவர்கள் உண்டு. அப்படியென்றால் அறையை மாதக்கணக்கில் முன்னாலேயே பிடித்துவையுங்கள்.

செப்டம்பர் முதல் திங்கள், அதாவது லேபர் டே அன்று, நாய்க் கல்லறையில் கூட்டம் கூடும். பாட்டு, பார்பிக்யூ, யார் பெரிய பொய் சொல்வது என்று ஒரு போட்டி. வேடிக்கை வேண்டுமானால் அன்று போகலாம். அமைதியாகப் பார்க்க நினைத்தால் அன்று வேண்டாம்.

3. பழைய பட்டியல்களைச் சரிபாருங்கள்

இணையத்தில் கிடைக்கும் சாலையோரப் பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவை. நல்ல உதாரணம், நாஷ்வில் பக்கமிருந்து ஐ-65 வழியாக அலபாமாவுக்குள் நுழையும்போது ஆர்ட்மோரில் நின்றிருந்த சாட்டர்ன் ராக்கெட். 168 அடி உயரம். 1979-இலிருந்து அங்கே இருந்தது. பழுதுபார்க்க முடியாத நிலைக்கு வந்ததால் 2023-இல் கழற்றிவிட்டார்கள். இன்னமும் பல பட்டியல்களில் அது நிற்கிறது! நாஷ்வில்லிலிருந்து வந்த நண்பர் குடும்பம் ஒன்று அதைப் பார்க்கவே வண்டியை அங்கே ஒதுக்கியது. பையனுக்குக் கிடைத்தது பாத்ரூம் மட்டும்.

ஒரு இடத்தைச் சேர்க்கும் முன் இரண்டைச் செய்யுங்கள். கடந்த மூன்று மாதத்தில் யாராவது போட்ட படம் இருக்கிறதா பாருங்கள். கதவு உள்ள இடமாக இருந்தால் போன் செய்து கேளுங்கள். இணையப் பக்கத்தில் போட்டிருக்கும் நேரத்தைவிட போனை எடுப்பவர் சொல்லும் நேரம்தான் சரியாக இருக்கும். சின்ன ஊர், ஒருவர் லீவு போட்டாலே கதவு திறக்காது.

4. கிளம்பும் முன் தயார் செய்ய வேண்டியவை

வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கல்லறை இருக்கும் ஃப்ரீடம் ஹில்ஸ் பகுதியில் சிக்னலை நம்ப முடியாது. போகும்போது பிரச்சினை தெரியாது, ஏனென்றால் வழி ஏற்கெனவே போனில் ஓடிக்கொண்டிருக்கும். திரும்பும்போது புதிதாக வழி கேட்டால்தான் போன் முழிக்கும்.

மூன்று கவுன்ட்டிகளின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பெயர்களை எழுதி வையுங்கள்: கோல்பர்ட், லாடர்டேல், ஃப்ராங்க்ளின். டஸ்கம்பியா, ஷெஃபீல்ட், மசில் ஷோல்ஸ் மூன்றும் கோல்பர்ட். ஆற்றுக்கு வடக்கே இருக்கும் ஃப்ளாரன்ஸ் லாடர்டேல். டிஸ்மல்ஸ் ஃப்ராங்க்ளின். ரேடியோவிலும் டிவியிலும் புயல் எச்சரிக்கையைக் கவுன்ட்டிப் பெயரில்தான் சொல்வார்கள், ஊர்ப் பெயர் தெரிந்திருந்தும் பயனில்லை. ‘வாட்ச்’ என்றால் வரக்கூடும், ‘வார்னிங்’ என்றால் உடனே கட்டடத்துக்குள் போ என்று அர்த்தம். இந்த வித்தியாசத்தைக் காரில் இருக்கும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

அட்லாண்டாவிலிருந்தோ சட்டனூகாவிலிருந்தோ வருகிறவர்கள் கடிகாரத்தைக் கவனியுங்கள். அலபாமா ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது. வரும்போது ஒரு மணி நேரம் லாபம், திரும்பும்போது நஷ்டம். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு வீடு என்று கணக்குப் போட்டவர்கள் ஒன்பதுக்குச் சேர்ந்து, மறுநாள் ஆபீஸில் தூங்குவது இதனால்தான்.

வழியைப் பொறுத்தவரை ஒரு குழப்பம் உண்டு. நெடுஞ்சாலை 72 என்று ஒன்று, ஆல்டர்நேட் 72 என்று இன்னொன்று. ஹண்ட்ஸ்வில்லிலிருந்து 72-ஐப் பிடித்தால் ஏதென்ஸ், ரோஜர்ஸ்வில் வழியாக ஆற்றின் வடகரையில் போய் ஃப்ளாரன்ஸில் இறங்குவீர்கள். ஆல்டர்நேட் 72 டிகேட்டர் வழியாகத் தென்கரையில் நேராக டஸ்கம்பியாவுக்கு வரும். டென்னசி ஆறு இங்கே அகலமானது, பாலங்கள் சில இடங்களில்தான். கரை மாறிவிட்டால் திரும்பி வருவது எளிதில்லை. போகும்போது தென்கரை, வரும்போது வடகரை என்று வைத்துக்கொண்டால் இந்தத் திட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும்.

மற்றபடி, மூடிய ஷூ, கொசு மருந்து, கொஞ்சம் சில்லறை டாலர் நோட்டுகள், ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். பெரியவர்கள் செருப்போடு வருவார்கள், விடாதீர்கள். காட்டுப் பாதையில் பாய்சன் ஐவி என்ற மூன்றிலைக் கொடி இருக்கும். கால் பட்டால் ஒரு வாரம் அரிப்பு.

5. சனி காலை: ஐவி கிரீன், அப்புறம் அருவி

ஏழு மணிக்குக் கிளம்பினால் எட்டரை வாக்கில் டஸ்கம்பியா. முதல் வேலை ஐவி கிரீன். சனி காலை முதல் ஆளாகப் போனால் வழிகாட்டி உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்காக நிதானமாகப் பேசுவார். பத்து மணிக்கு மேல் பஸ்ஸில் கூட்டம் வந்துவிட்டால் அந்த நிதானம் போய்விடும்.

உள்ளே பார்க்கும் வரிசை முக்கியம். குழந்தைகள் நேராகப் பின்பக்கம் பம்புக்கு ஓடுவார்கள். விடாதீர்கள். பம்பை மட்டும் முதலில் பார்த்தால் அது ஒரு பழைய இரும்புக் குழாய், அவ்வளவுதான். முதலில் வீடு. பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் பார்வையும் கேட்கும் திறனும் போனது, 1887 மார்ச்சில் ஆசிரியை ஆன் சல்லிவன் வந்து சேர்ந்தது, பக்கத்துச் சின்னக் குடிலில் ஆசிரியரும் பிள்ளையும் தனியாக இருந்தது, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் பம்புக்கு வாருங்கள். ஒரு கையில் தண்ணீரை விட்டு, இன்னொரு கையில் எழுத்து எழுத்தாகத் ‘தண்ணீர்’ என்று எழுதிக் காட்டிய இடம் அது. வரிசை மாறாமல் பார்த்தால் பத்து வயதுப் பையன்கூட அங்கே சும்மா நிற்பான்.

ஆங்கிலம் அவ்வளவாக ஓடாத பெரியவர்கள் இருந்தால், முந்தைய இரவே கதையைத் தமிழில் சொல்லிவிடுங்கள். வழிகாட்டி பேசும்போது நீங்கள் கூடவே மொழிபெயர்த்தால் அவருக்கும் தொந்தரவு, மற்றவர்களுக்கும் தொந்தரவு. தெற்கத்தி உச்சரிப்பு உங்களுக்கே முதல் பத்து நிமிடம் பிடிபடாது.

அங்கிருந்து சில நிமிடத்தில் ஸ்பிரிங் பார்க். பாறைகளை அடுக்கிச் செய்த செயற்கை அருவி. அரை மணி நேரம் போதும். பாத்ரூம் போகவும் குழந்தைகளை ஓடவிடவும் நல்ல இடம். அருவியை எதிர்பார்த்து வராதீர்கள், குற்றாலம் பார்த்தவர்கள் சிரித்துவிடுவார்கள்.

6. சனி பகல்: இரண்டு ஸ்டூடியோ, குழப்பம் ஒன்று

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் பெயர். மசில் ஷோல்ஸ் சவுண்ட் ஸ்டூடியோ இருப்பது மசில் ஷோல்ஸில் இல்லை, ஷெஃபீல்டில். முகவரி 3614, ஜாக்சன் ஹைவே. மசில் ஷோல்ஸ் ஊருக்குள் இருப்பது ஃபேம் ஸ்டூடியோ. போனில் வெறும் ‘மசில் ஷோல்ஸ் ஸ்டூடியோ’ என்று போட்டால் எதற்குக் கூட்டிப்போகும் என்று சொல்ல முடியாது. இரண்டையும் கதவு எண்ணோடு குறித்துவையுங்கள்.

ஃபேம் இன்றைக்கும் பாட்டுப் பதிவு நடக்கும் இடம். பதிவு நடக்காத நேரத்தில்தான் உள்ளே விடுவார்கள். அதனால் முதலில் ஃபேமுக்குப் போன் செய்து நேரம் கேட்டு, அதைச் சுற்றி மற்றதை அமையுங்கள். தலைகீழாகச் செய்தால் ஒன்று போய்விடும்.

ஜாக்சன் ஹைவேயில் இருப்பது வெளியிலிருந்து பார்த்தால் நம்மூர் ரேஷன் கடை மாதிரிச் சின்னக் கட்டடம். முன்பு சவப்பெட்டி வியாபாரம் நடந்த இடம். ஃபேமில் வாசித்துக்கொண்டிருந்த நான்கு பேர் பிரிந்துவந்து 1969-இல் தொடங்கினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு வந்து மூன்று பாட்டுப் பதிவு செய்தது. சுற்றிக் காட்டுபவர் அந்தக் கதைகளைப் பாட்டுகளைப் போட்டுக்காட்டிச் சொல்வார்.

இந்தப் பாட்டுகள் தெரியாதவர்களுக்கு இரண்டு ஸ்டூடியோவும் சேர்த்தால் அதிகம். என் அனுபவத்தில் ஒன்று போதும். கூட வருபவர்களுக்கு அரீத்தா ஃப்ராங்க்ளின் குரல் தெரியுமென்றால் ஃபேம், ஏனென்றால் 1967-இல் அவருடைய இசைப் பாதைக்குத் திருப்பம் வந்தது அங்கேதான். ராக் பிரியர்களுக்கு ஜாக்சன் ஹைவே. யாருக்கும் எதுவும் தெரியாது என்றால் நெடுஞ்சாலை 72-லிருக்கும் இசைப் பெருமன்றம். அங்கே ‘அலபாமா’ இசைக்குழுவின் சுற்றுப்பயண பஸ்ஸையே உள்ளே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஏறிப் பார்க்கக் குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

ஒரு யோசனை: கிளம்பும் முன் வாரத்தில் இந்த ஸ்டூடியோக்களில் பதிவான ஐந்தாறு பாட்டுகளைக் காரில் ஓடவிடுங்கள். இதை நான்காவது பயணத்தில்தான் கண்டுபிடித்தேன். காதில் ஏற்கெனவே விழுந்த பாட்டு பிறந்த அறை என்றால் யாரும் போனை எடுத்துப் பார்ப்பதில்லை.

7. சாப்பாடு, முக்கியமாகச் சைவர்களுக்கு

இந்தப் பக்கத்துச் சின்ன உணவகங்களில் ‘வெஜிடபிள் பிளேட்’ என்று ஒன்று இருக்கும். மூன்று நான்கு காய் எடுத்துக்கொள்ளலாம். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பீன்ஸ், காலர்ட் கீரை, காராமணி எல்லாவற்றையும் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைப்பதுதான் இங்கே வழக்கம். அவர்கள் கணக்கில் அது சுவைக்குப் போடும் சாமான், இறைச்சி இல்லை. “இதில் இறைச்சி இருக்கிறதா?” என்று கேட்டால் மனசாட்சியோடு “இல்லை” என்பார்கள். “பேக்கனோ ஹாமோ போட்டு வேகவைத்தீர்களா?” என்று கேளுங்கள், உண்மை வரும். எங்கள் அத்தை பாதித் தட்டு பீன்ஸ் முடித்த பிறகுதான் எனக்கு இந்த இரண்டாவது கேள்வி தோன்றியது.

கொஞ்சம் நம்பகமானவை: மக்ரோனி சீஸ், பொரித்த வெண்டைக்காய், பொரித்த பச்சைத் தக்காளி, கார்ன் பிரெட். பொரிக்கும் எண்ணெய் எது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் கிரிட்ஸ் கிடைக்கும், உப்புப் போட்ட ரவைக் கஞ்சி மாதிரி. ஊறுகாய் கொண்டுபோனால் அப்பாக்கள் சமாதானமாகச் சாப்பிடுவார்கள்.

அசைவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. வட அலபாமாவுக்கே உரிய வெள்ளை சாஸ், மயோனைஸும் வினிகரும் மிளகும் கலந்தது. புகையில் வாட்டிய கோழியோடு சாப்பிட வேண்டும்.

பெட்ரோல் நிலையங்களிலும் சாலையோரத் தள்ளுவண்டிகளிலும் வேகவைத்த கடலை விற்பார்கள், தோலோடு, உப்புத் தண்ணீரில் ஊறி. நம்மூர்க் கடலைதான். சாதா, காரம் என்று இரண்டு உண்டு. இதிலும் சில இடங்களில் ஹாம் போடுவார்கள், கேளுங்கள். தோலைப் போட ஒரு பை எடுத்துப் போங்கள், இல்லையென்றால் கார் இருக்கையின் இடுக்கில் ஒரு மாதம் வாசனை வரும்.

ஃப்ளாரன்ஸில் 1918 முதல் இருக்கும் ட்ரோபிரிட்ஜஸ் கடையில் ஆரஞ்சு-அன்னாசி ஐஸ்கிரீம். இதற்கு வழிகாட்டி தேவையில்லை.

ஞாயிறு சாப்பாட்டுக்குத் தனி விதி. பன்னிரண்டு மணிக்குச் சர்ச் விடும். பன்னிரண்டே காலுக்கு உணவகம் நிரம்பும். ஒன்று பதினொன்றரைக்குள் சாப்பிடுங்கள், இல்லை கையில் புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள். நான் இரண்டாவது கட்சி.

8. சனி இரவு: டிஸ்மல்ஸ் கேன்யன்

டஸ்கம்பியாவிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஃபில் கேம்பெல் என்று வரைபடத்தில் இருப்பது ஊர்ப் பெயர்தான். ஒரு நண்பர் அது இடத்தின் சொந்தக்காரர் பெயர் என்று நினைத்துக்கொண்டு வாசலில் அவரைக் கேட்டிருக்கிறார்.

தனியார் இடம். இரவில் வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போக முடியும், முன்பதிவு கட்டாயம். அறை பதிவு செய்யும் முன் இந்தச் சீட்டை வாங்குங்கள். இது கிடைக்கவில்லை என்றால் சனி இரவு தங்க வேண்டிய அவசியமே குறைந்துவிடும்.

பள்ளத்தாக்குப் பாறைச் சுவர்களில் ஒரு வகைச் சிறு பூச்சியின் புழுக்கள் நீல நிறத்தில் புள்ளி புள்ளியாக ஒளிர்கின்றன. இரையை இழுப்பதற்கான வெளிச்சம் அது. மின்மினி போலப் பறந்து மினுங்காது, அசையாமல் இருக்கும். கண் இருட்டுக்குப் பழகப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். அதற்குள் கூட்டத்தில் ஒருவர் போனைத் தட்டினால் எல்லோருடைய கண்ணும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காரை விட்டு இறங்கும்போதே போன்களை அணைத்துப் பைக்குள் வைத்துவிடுங்கள். போன் கேமராவில் எப்படியும் விழாது.

படிகள் ஈரமாக, சமமில்லாமல் இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களை இறக்காதீர்கள். அவர்கள் அறையில் தூங்கட்டும். திரும்பும்போது மான்கள் சாலையைக் கடக்கும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று வைத்து வேகத்தைக் குறையுங்கள்.

9. ஞாயிறு காலை: நாய்களின் கல்லறை

டஸ்கம்பியாவிலிருந்து நெடுஞ்சாலை 72-இல் மேற்கே 7 மைல். மாநிலச் சாலை 247-இல் இடப்பக்கம் திரும்பி 12 மைல். பிறகு கைகாட்டிப் பலகையைப் பார்த்துக் காட்டுக்குள் சில மைல். 72-ஐ விட்டு விலகும் முன்பே பெட்ரோல், ரெஸ்ட்ரூம் இரண்டையும் முடித்துவிடுங்கள். உள்ளே கடை எதுவும் இல்லை.

காலையில் போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வளைந்து வளைந்து போகும் சாலை, மாலையில் மரநிழல் இறங்கிவிடும், பலகை தெரியாது. நான் ஒருமுறை மாலை ஐந்து மணிக்கு மேல் போய், திருப்பத்தைத் தவறவிட்டு, ஒருவர் வீட்டு முற்றத்தில் வண்டியைத் திருப்ப நேர்ந்தது. இந்தப் பகுதியில் தெரியாதவர் வீட்டு வழியில் நுழைவது நல்லதில்லை. தவறவிட்டால் அகலமான இடம் வரும்வரை போய்த் திரும்புங்கள்.

ரக்கூன் என்ற சிறு காட்டு விலங்கை வேட்டையாடப் பழக்கிய நாய்களை மட்டும் புதைக்கும் இடம் இது. 1937-இல் கீ அண்டர்வுட் என்பவர் தன் நாய் ட்ரூப்பை இங்கே புதைத்ததில் தொடங்கி, இன்று முந்நூறுக்கும் மேல். வேறு நாய்க்கு இடமில்லை. அசல் வேட்டை நாய்தான் என்று சொந்தக்காரர் சொல்ல வேண்டும், சாட்சி ஒருவர் சொல்ல வேண்டும், உள்ளூர் வேட்டைச் சங்கத்து ஆள் ஒருவர் உடலைப் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும்.

நம்மவர்கள் இங்கே செய்யும் தப்பு சிரிப்பு. முதலில் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் சில கற்களின் முன்னால் புதுப் பூ இருக்கும், நாயை இழந்தவர் அடுத்த வரிசையில் நின்றுகொண்டிருக்கலாம். கற்கள்மேல் உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள், வைத்திருக்கும் பொருட்களைத் தொடாதீர்கள். நுழைவாயில் பக்கம் மரத்தைப் பார்த்துக் குரைக்கும் இரண்டு நாய்களின் சிலை இருக்கிறது. படம் அங்கே எடுத்துக்கொள்ளலாம்.

என் மாமனார் காரிலிருந்து இறங்கும்போது, “நாய்க்கு இவ்வளவு தூரமா மாப்பிள்ளை?” என்றார். உள்ளே போனவர் மரப்பலகையில் கத்தியால் செதுக்கியிருந்த ஒரு பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அப்புறம் செங்கல்பட்டில் தான் வளர்த்த மணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். முப்பது வருடத்தில் நாங்கள் யாரும் கேட்டிராத கதை. நேரக் கணக்கில் இங்கே ஒரு மணி நேரம் போட்டுக்கொள்ளுங்கள்.

10. ஞாயிறு பகல்: நாட்செஸ் ட்ரேஸ், கல்சுவர்

72-க்குத் திரும்பி வந்து, மேற்கே போனால் நாட்செஸ் ட்ரேஸ் சாலையில் ஏறலாம். நாட்செஸிலிருந்து நாஷ்வில் வரை 444 மைல் போகும் தேசியப் பூங்காச் சாலை. மூன்று விதிகள்: வேக வரம்பு 50 மைல், லாரிக்கு அனுமதி இல்லை, வழியில் பெட்ரோல் நிலையம் கிடையாது. காலியான சாலை, யாரும் இல்லை என்று 65-ஐத் தொடாதீர்கள். இது மத்திய அரசின் நிலம், பூங்கா ரேஞ்சர் எழுதிக் கொடுக்கும் அபராதச் சீட்டு உள்ளூர்ச் சீட்டு மாதிரிச் சாதாரணமாக முடியாது.

மைல்கல் எண்கள் தெற்கிலிருந்து வடக்கே ஏறும். நீங்கள் ஏறும் இடம் 320 வாக்கில். எண் கூடிக்கொண்டே போனால் சரியான திசை. குறைந்தால் மிசிசிப்பியை நோக்கிப் போகிறீர்கள். சிக்னல் இல்லாத இடத்தில் இதைவிட நல்ல திசைகாட்டி கிடையாது.

327-இல் கோல்பர்ட் ஃபெர்ரி. ஆற்றங்கரை, நிழல், ரெஸ்ட்ரூம். புளிசாதத்துக்கு ஏற்ற இடம். அடுத்து நீளமான பாலத்தில் டென்னசி ஆற்றைக் கடப்பீர்கள். பாலத்தின்மேல் நிறுத்தக் கூடாது.

338 வாக்கில் ட்ரேஸிலிருந்து விலகினால் சில நூறு அடியில் டாம் ஹெண்ட்ரிக்ஸின் சுவர். அவருடைய எள்ளுப்பாட்டி தே-லா-நே, அமெரிக்கப் பூர்வகுடியான யூச்சி இனத்தவர். ஓக்லஹோமாவுக்குத் துரத்தப்பட்டு, அங்கிருந்து ஐந்து வருடம் நடந்து ஊர் திரும்பியவர். அவர் வைத்த ஒவ்வொரு அடிக்கும் ஒரு கல் என்று பேரன் முப்பது வருடத்துக்கு மேல் கல் கல்லாக அடுக்கினார். சாந்து கிடையாது. மொத்தம் ஒரு மைலுக்கும் மேல். ஹெண்ட்ரிக்ஸ் 2017-இல் காலமானார், குடும்பம் பார்த்துக்கொள்கிறது.

சாந்து இல்லாததால் ஏறவோ சாயவோ கூடாது. குழந்தைகளிடம் இறங்கும் முன்பே சொல்லுங்கள். பல நாடுகளிலிருந்து வந்த கற்கள் இதில் இருக்கின்றன. அதைக் கேள்விப்பட்டுச் சிலர் வழியில் ட்ரேஸ் ஓரத்திலேயே ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். பூங்கா நிலத்திலிருந்து கல் எடுப்பது குற்றம். வைக்க ஆசை இருந்தால் வீட்டிலிருந்து கொண்டுவந்து, அங்கிருப்பவரிடம் கேட்டு வையுங்கள். கட்டணம் இல்லை, உண்டியல் உண்டு. கையில் வைத்திருக்கச் சொன்ன சில்லறை நோட்டு இதற்குத்தான்.

11. திரும்பும் வழியில் கடைசிக் கதவு

சுவரிலிருந்து மாநிலச் சாலை 20 வழியாக ஃப்ளாரன்ஸ் அரை மணிக்குள். புகழ்பெற்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாயிட் ரைட் வடிவமைத்து அலபாமாவில் இருக்கும் ஒரே கட்டடமான ரோசன்பாம் வீடு இங்கே இருக்கிறது, 1940-இல் முடிந்தது. நான் போனபோதெல்லாம் ஞாயிறு மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை திறந்திருந்தது. இந்தப் பயணத்தில் ஞாயிறு திறக்கும் கதவு இது ஒன்றுதான், அதனால்தான் கடைசிக்கு வைத்தேன். போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள். உள்ளே எதையும் தொடக் கூடாது. மூன்று வயதுக் குழந்தையோடு போனால் ஒருவர் வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

12. நேரம் போதாவிட்டால் எதை வெட்டுவது

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் சனியைத் தேர்ந்தெடுங்கள். ஐவி கிரீன், ஒரு ஸ்டூடியோ, மதியச் சாப்பாடு, பிறகு ஒன்று கல்லறை அல்லது கல்சுவர். இரண்டையும் சேர்க்கப் பார்க்காதீர்கள், ஒன்று தென்மேற்கில், மற்றது வடமேற்கில். பெரியவர்கள் இருந்தால் சுவர். நடை குறைவு, உட்கார இடம் உண்டு.

முதலில் வெட்ட வேண்டியது வில்சன் அணை. அடுத்து இரண்டாவது ஸ்டூடியோ.

போகிற போக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று கல்மனில் உலகக் கட்டடங்களின் குட்டி மாதிரிகள் இருக்கும் ஆவே மரியா க்ரோட்டோவையும், ஸ்காட்ஸ்பரோவில் விமானங்களில் உரிமை கோராமல் விட்ட பெட்டிகளை விற்கும் கடையையும் பட்டியலில் போடுகிறார்கள். கல்மன் தெற்கே ஐ-65 ஓரம், ஸ்காட்ஸ்பரோ ஹண்ட்ஸ்வில்லுக்குக் கிழக்கே. இரண்டும் வேறு வேறு திசை. கல்மனுக்கு ஒரு அரைநாள் தனியாக ஒதுக்குங்கள். ஸ்காட்ஸ்பரோவுக்குக் கிளம்பும்போது காரின் டிக்கியைக் காலி செய்துவிட்டுப் போங்கள்.